டூலாலி: அந்தப் பாட்டி சொன்ன சொல்லுக்கு என்ன அர்த்தம்?

கேள்வி இதுதான். கும்பகோணம் பக்கத்திலிருந்து இங்கிலாந்துக்குப் போய், அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண் கேட்டிருக்கிறார். அவர் கவனித்துக்கொள்ளும் எண்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா, ஜன்னல் ஓரம் உட்கார்ந்தபடி, "ஐம் கோயிங் டூலாலி இன் ஹியர், லவ்" என்று சொல்லிச் சிரித்தாராம். கூட வேலை பார்க்கும் பெண்ணிடம் கேட்டால், "பைத்தியம் பிடிக்குதுன்னு அர்த்தம்" என்றாளாம். நம்ம பெண் பயந்துபோனார். இதை அன்றைய குறிப்பில் எழுத வேண்டுமா, டாக்டரிடம் சொல்ல வேண்டுமா, இது கெட்ட வார்த்தையா, தானும் இதைப் பேச்சில் சேர்த்துக்கொள்ளலாமா என்று வரிசையாகக் கேட்கிறார்.

முதலில் பயத்தைப் போக்கிவிடுகிறேன் அம்மா. அது கெட்ட வார்த்தை இல்லை. நோயின் பெயரும் இல்லை. அந்தப் பாட்டி சொன்னதை நம்ம ஊர்த் தமிழில் அப்படியே சொல்வதென்றால், "இங்கேயே உட்கார்ந்து உட்கார்ந்து மண்டை காயுதும்மா" என்பதுதான். கூட இருந்த பெண் அகராதிப் பொருளைச் சொல்லியிருக்கிறாள், அதுவும் தப்பில்லை. ஆனால் "பைத்தியம்" என்ற நம்ம சொல்லுக்கு இருக்கிற எடை அந்தச் சொல்லுக்கு இல்லை. எங்கே லேசாக இருக்கிறது, எங்கே கனத்துவிடும் என்பதைத் தெரிந்துகொண்டால் போதும். அதற்கு இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் இது நம்ம நாட்டிலிருந்து போன சொல்.

நான் முப்பது வருஷம் திருவையாறு வட்டாரத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவன். இப்போது வெளிநாடு போகும் நர்ஸ் பிள்ளைகளுக்குப் பேச்சு ஆங்கிலம் எடுக்கிறேன். அந்தப் பிள்ளைகள் அங்கே போனதும் முதலில் தடுமாறுவது மருத்துவச் சொற்களில் இல்லை, அதெல்லாம் புத்தகத்தில் படித்ததுதான். கிழவர்களும் கிழவிகளும் பேச்சோடு பேச்சாக விடுகிற இந்த மாதிரிச் சொற்களில்தான்.

உச்சரிப்பை முதலில் பார்த்துவிடலாம். மூன்று அசை. அழுத்தம் நடு அசையில். நடுவில் வருவது நம்ம "லா" இல்லை. "பேங்க்" என்று ஆங்கிலேயர் சொல்லும்போது வாயை எவ்வளவு திறப்பார்களோ அந்த அளவு திறந்து, குறுக்கிச் சொல்லும் ஒலி. தமிழில் அதற்கு எழுத்து கிடையாது, அதனால் டூலாலி என்றே எழுதுகிறேன். காதில் கேட்டால் தாலாட்டு மாதிரி இருக்கும். அந்த ஒலிதான் சொல்லை லேசாக வைத்திருக்கிறது என்பது என் எண்ணம்.

வாக்கியத்தில் இது பெரும்பாலும் "போ" என்ற வினையோடு வரும். "கோ டூலாலி", "கான் டூலாலி", "வென்ட் டூலாலி". நாம் "பித்துப் பிடிச்சுது" என்று பிடிக்கிற வினையைச் சேர்ப்போம், அவர்கள் போகிற வினையைச் சேர்க்கிறார்கள். இன்னொன்று, நம்மை அந்த நிலைக்குத் துரத்துகிற காரணத்தைச் சொல்வது. "திஸ் நாய்ஸ் இஸ் டிரைவிங் மீ டூலாலி" என்றால் இந்தச் சத்தம் என்னைக் கிறுக்காக்குது. "எ பிட் டூலாலி" என்று "கொஞ்சம்" சேர்த்துச் சொல்வதும் நிறையக் கேட்கும். மூன்றாவதாக, ஒருவர் திடீரென்று தலைகால் புரியாமல் குதித்ததைச் சொல்ல. "ஹி வென்ட் டூலாலி வென் ஹி சா த பில்" என்றால் பில்லைப் பார்த்ததும் ஆள் ஆடிவிட்டார் என்று பொருள். அங்கே கோபம்தான் சொல்லப்படுகிறது, மனநோய் இல்லை.

இது பிரிட்டிஷ் ஆங்கிலம். அமெரிக்கக்காரர்களிடம் சொன்னால் பலர் முழிப்பார்கள். எழுத்தில், அதிலும் அலுவலகக் கடிதத்திலோ மருத்துவக் குறிப்பிலோ, உங்கள் சொல்லாக இது வரவே கூடாது. டீ குடிக்கும் இடத்துச் சொல். சரி, இந்தச் சொல் பிறந்த ஊருக்கு வருவோம்.

மகாராஷ்டிரத்தில் நாசிக் பக்கத்தில் தேவ்ளாலி என்று ஓர் ஊர் இருக்கிறது. மராத்தியில் நம்மைப் போலவே "ள" உண்டு, அந்த ஊர்க்காரர்கள் அழகாகத் தேவ்ளாலி என்பார்கள். பம்பாயிலிருந்து ரயிலில் மலையேறி இகத்புரி தாண்டிப் போனால் நாசிக்குக்கு முன்னால் வரும் ஸ்டேஷன். 1861-ல் ஆங்கிலேயர்கள் அங்கே ஒரு ராணுவ முகாம் போட்டார்கள். இங்கிலாந்திலிருந்து கப்பலில் பம்பாய் வந்து இறங்கும் சிப்பாய்கள் முதலில் அங்கே போய்த் தங்கி, பிறகு அவரவர் படைப்பிரிவுக்குப் பிரிந்து போவார்கள். அதே மாதிரி, இந்தியாவில் வேலைக்காலம் முடிந்த சிப்பாய்கள் நாட்டின் பல மூலைகளிலிருந்தும் அங்கே வந்து சேர்ந்து, ஊருக்குப் போகும் கப்பலுக்காகக் காத்திருப்பார்கள்.

சிக்கல் அந்தக் காத்திருப்பில்தான். சிப்பாய்க் கப்பல்கள் வருஷம் முழுக்க ஓடவில்லை. குளிர்கால மாதங்களை ஒட்டித்தான் ஓடும். கோடையும் மழையும் வந்துவிட்டால் நின்றுபோகும். வேலைக்காலம் முடிந்த நேரத்தில் கப்பல் இருந்தால் அதிர்ஷ்டம். கடைசிக் கப்பல் போன பிறகு ஒருவனுக்குக் காலம் முடிந்தால், அடுத்த பருவம் வரை அவன் அங்கேயே கிடக்க வேண்டியதுதான். மாதக்கணக்காகும்.

அந்த மாதங்களில் அவனுக்கு வேலை என்று பெரிதாக எதுவும் கிடையாது. வெயில். கொட்டகை. மலேரியா. கையில் கொஞ்சம் காசு, அதற்குக் குடி. சண்டை போட்டு உள்ளே போனவர்கள் உண்டு. நல்ல சிப்பாய் என்று பெயர் வாங்கியவன், அத்தனை வருஷம் ஒழுங்காக இருந்தவன், ஊருக்குப் போக நாள் எண்ணும் இடத்தில் வந்து நடத்தை கெட்டுப்போனான். மற்றவர்கள் அவனைப் பார்த்து, "அவனுக்கு தேவ்ளாலி பிடிச்சிருக்கு" என்றார்கள். ஆங்கில வாயில் தேவ்ளாலி டூலாலி ஆயிற்று. அவர்கள் காத்திருந்த அந்தச் சொந்த ஊருக்கும் சிப்பாய்கள் ஒரு பெயர் வைத்திருந்தார்கள், "பிளைட்டி". அதுவும் இங்கே கற்றதுதான், "விலாயத்" என்ற சொல்லிலிருந்து வந்தது. ஒரே கொட்டகையில் உட்கார்ந்து அவர்கள் பேசிய இரண்டு சொற்கள், ஒன்று போக வேண்டிய இடத்துக்கு, இன்னொன்று போக முடியாத தவிப்புக்கு.

நாகப்பட்டினத்துப் பெரியவர்களுக்கு இது சட்டென்று புரியும். அந்தக் காலத்தில் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போகும் ரஜூலா கப்பல் அங்கே வந்து கரைக்குத் தள்ளிக் கடலில் நிற்கும், படகில்தான் போய் ஏற வேண்டும். எங்கள் அப்பாயியின் அண்ணன் அப்படிப் போனவர். கப்பல் வரும் வரைக்கும் சத்திரத்தில் கிடந்த நாட்களைப் பற்றித்தான் அவர் கதை கதையாகச் சொல்வாராம். பினாங்கைப் பற்றிக் கேட்டால் இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவாராம்.

முதலில் அந்தச் சொல் தனியாக இருக்கவில்லை. "டூலாலி டாப்" என்றுதான் சிப்பாய்கள் சொன்னார்கள். "தப்" என்றால் இந்துஸ்தானியில் காய்ச்சல். அவர்கள் ஆங்கிலத்தில் "டாப்" என்றால் லேசாகத் தட்டுவது, அதனால் தலையில் ஒரு தட்டு விழுந்த மாதிரியும் அவர்கள் காதுக்குக் கேட்டிருக்கும். ஆக, டூலாலி டாப் என்றால் தேவ்ளாலிக் காய்ச்சல். காலப்போக்கில் காய்ச்சல் உதிர்ந்துபோய் ஊர்ப்பெயர் மட்டும் நின்றுவிட்டது. இங்கே நாம் பயன்படுத்தும் "தாபம்" என்ற சொல்லுக்கும் அதே வெக்கைதான் பொருள். தாபம் என்றால் உடம்புச் சூடும் உண்டு, ஏங்கித் தவிப்பதும் உண்டு. அந்தச் சிப்பாய்க்கு இரண்டும் இருந்தது.

இதனால்தான் இதை வெறுமனே "பைத்தியம்" என்று மொழிபெயர்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பிறக்கும்போது இந்தச் சொல் ஒருவனின் மூளையைப் பற்றிப் பேசவில்லை, அவன் மாட்டிக்கொண்ட இடத்தைப் பற்றிப் பேசியது. வெயில், வேலையில்லாத கை, எப்போது முடியும் என்று தெரியாத காத்திருப்பு, இந்த மூன்றும் சேர்ந்தால் எந்த மனுஷனும் கொஞ்சம் ஆடிப்போவான் என்று பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவன் வைத்த பெயர் அது. அவனுக்கும் நாளைக்கு அது வரும் என்று அவனுக்குத் தெரியும்.

நான் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது எப்போதும் நெல் கொள்முதல் நிலையத்தைத்தான் உதாரணம் சொல்வேன். டெல்டாப் பிள்ளைகளுக்கு வேறு உதாரணம் தேவையில்லை.

ஒரு தை மாதம். எங்கள் அண்ணன் பொன்மணி ரக நெல் போட்டிருந்தார். அறுத்து, டிராக்டரில் ஏற்றி, கொள்முதல் நிலையத்துக்கு முன்னால் இருந்த திடலில் கொட்டியாயிற்று. எங்களுக்கு முன்னால் இருபதுக்கு மேல் அம்பாரங்கள். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்தால்தான் எடுப்பார்கள். முதல் நாள் மீட்டரில் 19 காட்டியது. காயப்போட்டோம். அடுத்த நாள் சாக்கு இல்லை என்றார்கள். அதற்கடுத்த நாள் லாரி வரவில்லை, அடுக்கின மூட்டையே கிளம்பாமல் இடத்தை அடைத்துக்கொண்டு நின்றது. பகலில் படுதாவை விலக்கி நெல்லைப் பரப்புவோம், சாயங்காலம் கூட்டி மூடுவோம். இரவில் பனி இறங்கி, காய்ந்தது மறுபடி ஈரமாகும். யாரைக் கேட்டாலும் "நாளைக்கு" என்பார்கள். இன்று எடுக்கவே மாட்டோம் என்று ஒருவர் சொல்லியிருந்தால்கூட வீட்டுக்குப் போய்த் தூங்கியிருக்கலாம்.

ஆறாவது ராத்திரி. நான் டிராக்டர் டிரெய்லருக்கு அடியில் சாக்கை விரித்துப் படுத்திருந்தேன். சரக் சரக் என்று ஒரு சத்தம் கேட்டு எழுந்தேன். மாடு வந்து வாய் வைக்கிறதோ என்று டார்ச்சை அடித்தால், அண்ணன். படுதாவை ஒரு பக்கம் விலக்கிவிட்டு, மடித்துக் கட்டின வேட்டியோடு, நெல்லுக்குள் காலை விட்டுத் துழாவிக்கொண்டே நடக்கிறார். பகலில் வெயிலில் செய்வோமே, பாதத்தால் கோடு கோடாக இழுத்து அடிநெல்லை மேலே கொண்டுவருவது, அதை. நடுச்சாமத்தில். தலைமேல் பனி பெய்துகொண்டிருக்கிறது. ஒரு முனைக்குப் போய்த் திரும்பி, போட்ட கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு. அவ்வளவு நேராக, அவ்வளவு பொறுமையாக.

"அண்ணே, என்ன பண்றீங்க?" என்றேன்.

நின்றார். காலைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். "மண்டை காயுதுடா தம்பி" என்றார். அப்படியே நெல்மேல் உட்கார்ந்துவிட்டார். நான் போய்ப் படுதாவை இழுத்து மூடினேன்.

அதுதான் டூலாலி. என் அண்ணனுக்குப் பைத்தியம் இல்லை. ஒன்பதாவது நாள் நெல்லைப் போட்டு, நாற்பது கிலோ மூட்டை ஒவ்வொன்றையும் கணக்குப் பார்த்து வாங்கிக்கொண்டு வந்தவர் அவர். ஆனால் அந்த ராத்திரி அவர் போய்த் திரும்பிய இடம் தேவ்ளாலிதான். அவர் சொன்ன "மண்டை காயுது" என்பதைவிடப் பொருத்தமான மொழிபெயர்ப்பு எனக்கு இதுவரை கிடைக்கவில்லை. அதிலும் சூடு இருக்கிறது, இதிலும் சூடு இருக்கிறது. மேட்டூர் திறக்கும் ஜூன் 12 தள்ளிப்போகிற வருஷங்களில், காய்ந்த ஆற்று மணலைப் பார்த்துக்கொண்டு மதகுக் கட்டையில் உட்கார்ந்திருப்பவர்களும் இதைத்தான் சொல்வார்கள்.

மற்ற தமிழ்ச் சொற்களை ஒவ்வொன்றாக எடைபோட்டுப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். "மரை கழண்டவன்" என்று சொல்கிறோமே, அதற்கு ஆங்கிலத்தில் அச்சு அசலாக ஒரு ஜோடி உண்டு, "எ ஸ்க்ரூ லூஸ்". போல்ட்டில் இருக்கும் மரை தேய்ந்தால் நட்டு பிடிக்காது, சும்மா சுற்றும். ஆள் எப்போதுமே அப்படித்தான் என்ற தீர்ப்பு அதில் இருக்கிறது. டூலாலியில் அந்தத் தீர்ப்பு அவ்வளவாக இல்லை, இன்றைக்குப் போய் நாளைக்குத் திரும்பலாம். "லூசு" என்பதைச் சிநேகிதர்கள் செல்லமாகவே சொல்லிக்கொள்கிறார்கள், ஆனால் அது எப்போதும் எதிராளியைப் பார்த்துச் சொல்வது. "கிறுக்கு" இரண்டு பக்கமும் போகும். கிரிக்கெட் கிறுக்கு, நாதஸ்வரக் கிறுக்கு என்றால் பெருமைதான், அண்ணன் தம்பிக்குள் பாகப்பிரிவினையில் சொன்னால் அடிதடிதான். "மெண்டல்" என்பதை நான் வகுப்பில் அனுமதிப்பதே இல்லை. ஆங்கிலத்தில் "மனத்துக்குரிய" என்று பொருள்படும் ஒரு சாதாரணச் சொல்லை நாம் எடுத்து ஆளை அடிக்கும் கல்லாக்கி வைத்திருக்கிறோம்.

"பித்து" மட்டும் வேறு ஜாதி. திருவாரூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கல்யாணப் பந்தலில் ஓலையோடு வந்து வழக்காடிய கிழவரைச் சுந்தரர் "பித்தன்" என்று ஏசினார். வந்தது சிவன் என்று தெரிந்து, எப்படிப் பாடுவேன் என்று திகைத்தபோது, ஏசின அந்தச் சொல்லையே முதலாக வைத்துப் பாடச் சொன்னார் என்பது கதை. ஏச்சே துதியாகிவிட்டது. அந்தச் சொல்லை யாரும் டூலாலிக்கு மொழிபெயர்ப்பாகப் போட்டுவிடாதீர்கள், அது ரொம்பப் பெரிய சொல்.

இனி நீங்கள் கேட்ட முக்கியமான பகுதி. இதை நாம் பயன்படுத்தலாமா?

ஊர்ப்பெயர் இப்படிப் புத்தி மாறாட்டத்துக்குப் பெயராவது புதிதில்லை. லண்டனில் 1247-ல் தொடங்கிய பெத்லஹேம் மடம் பிற்பாடு மனநோயாளிகளை வைக்கும் இடமானது, அதன் பெயர் மருவி "பெட்லம்" என்று கூச்சல் குழப்பத்துக்குப் பெயராக நின்றுவிட்டது. சென்னையில் கீழ்ப்பாக்கம். 1794-லிருந்து வருகிற மருத்துவமனை அது, எத்தனையோ பேர் குணமாகி வீடு திரும்பிய இடம். ஆனால் பேச்சில் "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்றால் என்ன என்று எல்லாருக்கும் தெரியும். காவிரிக்கரைக்காரர்களுக்குக் குணசீலம்.

திருச்சிக்கு மேற்கே, காவிரியின் வடகரையில், முசிறி போகும் சாலையில் இருக்கிறது குணசீலம். பிரசன்ன வெங்கடாசலபதி கோயில். மனம் கலங்கினவர்களை அங்கே கூட்டிவந்து ஒரு மண்டலம், 48 நாள், தங்கவைத்து, பூஜை முடிந்ததும் முகத்தில் தீர்த்தம் தெளிப்பார்கள். தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம் என்று எல்லா ஊரிலிருந்தும் போவார்கள். "உன்னைக் குணசீலத்துக்குத்தான் கூட்டிட்டுப் போகணும்" என்பது எங்கள் பள்ளிக்கூடத்தில் தினமும் காதில் விழும் கிண்டல். நானும் சொல்லியிருக்கிறேன்.

பத்தாவது படிக்கும்போது எங்கள் சித்தப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போயிற்று. தூக்கம் போனது, அப்புறம் பேச்சு போனது, பிறகு யாரோ கூப்பிடுகிறார்கள் என்று ராத்திரியில் வாசலுக்குப் போய் நிற்க ஆரம்பித்தார். அப்பா, சித்தப்பா, நான், மூன்று பேரும் திருச்சி போய், சத்திரம் பஸ் ஸ்டாண்டில் முசிறி பஸ் ஏறினோம். கண்டக்டர் வந்தார். அப்பா குரலைத் தாழ்த்தி "குணசீலம் மூணு" என்றார். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழிப்பதற்கு முன்னால் எங்கள் மூன்று பேர் முகத்தையும் ஒரு தடவை பார்த்தார். யார் என்று தேடுகிற பார்வை. முன்சீட்டில் இருந்த இரண்டு பேரும் திரும்பினார்கள். பல நாளாகப் பேசாமல் இருந்த சித்தப்பா, "நான்தாங்க" என்றார்.

கண்டக்டர் தலையைக் குனிந்துகொண்டு டிக்கெட்டைக் கொடுத்தார். கெட்ட மனுஷன் இல்லை அவர். அந்த ஊர்ப்பெயர் அவரைப் பார்க்கவைத்தது, அவ்வளவுதான்.

சித்தப்பா ஒரு மண்டலம் அங்கே இருந்தார். திரும்பி வந்த பிறகு தஞ்சாவூரில் டாக்டரிடம் காட்டி மாத்திரையும் தொடர்ந்து சாப்பிட்டார். வயலுக்குப் போனார், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணினார். ஆனால் அந்த "நான்தாங்க" என் காதில் இன்னமும் இருக்கிறது. அதற்குப் பிறகு குணசீலத்தைக் கிண்டலுக்கு நான் எடுத்ததில்லை.

இங்கிலாந்தில் டூலாலிக்கு அந்த வலி அனேகமாகப் போய்விட்டது. காரணம், பேசுகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அது ஓர் ஊர் என்றே தெரியாது. அங்கே காத்துக்கிடந்தவர்களின் குடும்பத்தில் யாரும் அந்தப் பெயரில் டிக்கெட் எடுப்பதில்லை. அதனால் லேசாகப் புழங்குகிறது. ஆனால் சொல்லின் பொருள் என்னவோ அதேதான். ஒருவர் தன்னைப் பற்றிச் சொன்னால் சிரிப்பு. சம வயதுச் சிநேகிதர்கள் ஒருவரைப் பற்றி ஒருவர் சொன்னாலும் சிரிப்பு. உண்மையிலேயே மறதி நோயோ மனநோயோ உள்ள ஒருவரைப் பார்த்து, அவரைக் கவனிக்கச் சம்பளம் வாங்குகிறவர் சொன்னால் அது அவமானம். அந்தக் குடும்பம் புகார் கொடுத்தால் நியாயம் அவர்கள் பக்கம்தான். ஆகவே அம்மா, உங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்ள இதைத் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். இரட்டை ஷிப்ட் முடித்து வந்து "ஐம் கோயிங் டூலாலி" என்றால் கூட வேலை செய்பவர்கள் உங்களை இன்னும் நெருக்கமாக உணர்வார்கள். அங்கே தங்கியிருப்பவர்களைப் பற்றி, அவர்கள் முன்னாலும் பின்னாலும், வேண்டாம். "யூ ஆர் நாட் டூலாலி" என்று ஆறுதலாகச் சொல்வதில் தப்பில்லை, ஆனால் அதைக்கூட அவர் முதலில் அந்தச் சொல்லை எடுத்தால்தான்.

குறிப்பில் எழுதுவதா என்றால், எழுதுங்கள். ஆனால் உங்கள் பொருளை எழுதாதீர்கள், அவர் சொன்னதை மேற்கோள் குறிக்குள் அப்படியே எழுதுங்கள். "மனநிலை சரியில்லை என்று சொன்னார்" என்று நீங்கள் எழுதிவிட்டால், அவர் சிரித்தது காணாமல் போய்விடும், அடுத்த ஷிப்டில் வருகிறவர் வேறு எதையோ படித்துக்கொள்வார். எப்போது சொன்னார், எங்கே உட்கார்ந்திருந்தார், சிரித்தாரா, அன்றைக்கு யாராவது பார்க்க வந்தார்களா, இதை எழுதினால் போதும்.

அதோடு ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். நேற்று வரை தெளிவாக இருந்த முதியவர் இன்றைக்குத் திடீரென்று ஆள் தெரியாமல் பேசினால், நாளும் இடமும் மாறிச் சொன்னால், இரவில் எழுந்து உடுத்திக்கொண்டு கிளம்பினால், அதைச் சிரிப்பாக எடுக்கக் கூடாது. முதியவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று, தண்ணீர் போதாமை, மருந்து மாறியது போன்ற காரணங்களால் ஒரே நாளில் புத்தி குழம்பிவிடும். காரணத்தைக் கண்டு வைத்தியம் செய்தால் பலருக்குத் தெளியும். அப்படிப் பார்த்தால் உடனே பொறுப்பு நர்ஸிடம் சொல்ல வேண்டும், அவர் வாயால் டூலாலி என்றாலும் சரி, சொல்லாவிட்டாலும் சரி.

உங்கள் பாட்டி விஷயத்தில் நீங்கள் எழுதியதைப் படித்தால் அப்படித் தெரியவில்லை. "இன் ஹியர்" என்று சொல்லியிருக்கிறார் பாருங்கள், "இங்கே" என்று. அந்தச் சின்னச் சொல்லைத்தான் நான் பிடித்துக்கொள்வேன். ஜன்னல் ஓரம், ஒரே நாற்காலி, எப்போது யார் வருவார்கள் என்று தெரியாத நாள். தேவ்ளாலிச் சிப்பாய் சொன்ன அதே இடத்திலிருந்து அவரும் சொல்லியிருக்கிறார். நாளைக்கு ஷிப்டுக்குப் போனதும், அனுமதி இருந்தால், ஒரு பத்து நிமிஷம் அவரை வெளியே தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். குளிராக இருந்தால் தாழ்வாரத்து மறு கோடி வரைக்குமாவது. நடக்கும்போது, அவர் சொன்ன சொல் எங்கள் நாட்டில் ஓர் ஊரின் பெயர் என்று சொல்லுங்கள். அந்த வயதுக்காரர்களில் பலருக்கு அப்பாவோ தாத்தாவோ பட்டாளத்தில் இருந்தவராக இருப்பார். இந்தியாவுக்கு வந்த யாராவது அவர் வீட்டில் இருந்தார்களா என்று கேட்டுப்பாருங்கள்.